நாற்பது விநாடிக் கோப்பு

பூட்டுப் போட்ட வீடியோவைத் திறப்பது கம்ப்யூட்டர் கடைக்காரருக்குக் கைவந்த கலை. ஒரு பெண் கொண்டுவந்த கேமரா பதிவு எந்தப் போனிலும் ஓடவில்லை. பூட்டை உடைத்து, வேறு வடிவத்துக்கு மாற்றி ஓடவிட்டார். பட்டறைக்குள் ஒருவன் அவளுடைய தம்பியை இரும்புக் கம்பியால் மண்டை பிளக்க அடித்துக் கொன்றான். நீளம் நாற்பது விநாடி என்றுதான் போட்டிருந்தது, ஓடியதோ நாற்பத்தாறு. அந்தக் கடைசி ஆறு விநாடியில், செத்துக் கிடந்த தம்பியின் கை கம்பியை நோக்கி நகர்ந்தது.

“சாஃப்ட்வேர் ஏதோ கோளாறும்மா” என்று மறுபடி மாற்றினார். ஐம்பத்திரண்டு. தம்பி கம்பியோடு எழுந்து நின்றான்.

கடைக்காரர் வீடியோவை நிறுத்தினார். “அடிச்சவன் இப்ப எங்கம்மா?”

“ஜெயில்ல. இன்னொரு தடவை மாத்துங்கண்ணே.”

வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது, விரல் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு. அடித்தவன் தலையில் கம்பி மூன்று முறை இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் ஸ்பீக்கரில் துல்லியமாகக் கேட்டது.

அவளுடைய போன் அடித்தது. “ஜெயில்லயா? பூட்டின ரூமுக்குள்ளயா?” என்றாள். பிறகு, “உயிர் இருக்கா?”

பதிலைக் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு கடைக்காரரிடம் திரும்பினாள்.

“இன்னும் ஒரே ஒரு தடவைண்ணே.”