மேல்மண்ணைக் காணோம்

“அந்தப் புகார்க்காரன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், இந்தக் குழியிலயே போட்டு மூடிடறேன்!”

மேஸ்திரி த்ராகோ போட்ட கத்தலில் மூரா ஆற்றோரத்து வாத்துகள் படபடவென்று எழும்பிப் பறந்தன. சுரங்கத் துறை ஆய்வாளர் யெர்னேயா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூட்ஸ் முனையால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். மேலே விரல்கடை அளவுக்கு மண். அதற்குக் கீழே வெறும் கூழாங்கல்.

“சரளை அள்ளின குழியை மூடி, மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி, பழையபடி விளைநிலமா ஊருக்குக் குடுக்கணும். லைசென்ஸ்ல அப்படித்தானே இருக்கு?”

“அதான் குடுத்துட்டோமே மேடம்,” என்று முதலாளி ரூடி குழைந்தார். “இங்க இருந்த மண்ணே இவ்வளவுதான். நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே கடையைக் கட்டிடுவோம்.”

அதுதான் சிக்கல். கையெழுத்துப் போட்டால் ரூடி போயே போய்விடுவார். ஊருக்கு மிஞ்சுவது புல்கூட முளைக்காத கல்லுமேடு. போடாமல் இருக்கவோ ஆதாரம் வேண்டும். அவளிடம் இருந்தது ஒரு குரல் மட்டும்தான். ஒரு வாரமாக யாரோ ஒரு ஆள் வாயில் துணியை வைத்துக்கொண்டு போன் செய்கிறார். “மேல்மண்ணைக் காணோம், வந்து பாருங்க.” அவ்வளவுதான் பேச்சு. பெயரைக் கேட்டால், “ஸ்ரெச்னோ! நல்லபடியா இருங்க!” என்று போனை வைத்துவிடுகிறார். வேலைவெட்டி இல்லாத எவனோ கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்காமல் கிளம்பி வந்துவிட்டாள்.

“மேல்மண்ணைக் காணோம்னு புகார் வந்திருக்கு,” என்றாள்.

“பொய்!” த்ராகோ மீசை துடிக்க முன்னால் வந்தார். “நாங்க அதை வெளியில விக்கறதுக்காக லாரி எடைமேடைக்குப் பின்னால பதுக்கி வெச்சிருக்கோமாம்! சொன்னவன் நாக்கு அழுக!”

“எடைமேடைக்குப் பின்னாலயா?”

ரூடியின் முகம் வெளுத்தது. “யோவ், நீ சும்மா இருய்யா!”

“எப்படி முதலாளி சும்மா இருக்கறது? உங்க பேரைக் கெடுக்கறானே! மேடம், அங்க ஒண்ணுமே கிடையாது. பச்சைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கே, அது வெறும் பழைய டயரு. தயவுசெஞ்சு திறந்து பாக்காதீங்க, கை அழுக்காயிடும்!”

யெர்னேயா சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தாள். இப்படி ஒரு உளறுவாயனை மேஸ்திரியாக வைத்திருக்கும் ரூடியை நினைத்தால் பாவமாகக்கூட இருந்தது.

தார்ப்பாயைத் தூக்கினாள். கன்னங்கரேலென்ற மேல்மண், வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஒரு பிடி அள்ளினாள். விரலிடுக்கில் மண்புழு நெளிந்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

“இது... பரப்பறதுக்காகத்தான்...” என்று இழுத்தார் ரூடி.

“நல்லதாப் போச்சு. இன்னைக்கே ஆரம்பிங்க. மொத்தத்தையும் பரப்பி, கோதுமை விதைச்சு, அது முளைச்சு நிக்கறதை என் கண்ணால பாக்காம கையெழுத்து கிடையாது.”

“உன் வாய் இருக்கே, வாய்!” என்று மேஸ்திரியைப் பார்த்துப் பல்லைக் கடித்துவிட்டு, லாரிக்காரனைத் தேடிப் போனார் ரூடி.

த்ராகோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கார்வரை வந்தார்.

“நீங்க கொஞ்சம் வாயைக் கட்டியிருந்தா உங்க முதலாளி தப்பிச்சிருப்பாரு,” என்றாள் யெர்னேயா.

“என்ன பண்றது மேடம், என் வாய் அப்படி. குழிக்கு எதிர்லதான் நம்ம வீடு. வசந்தத்துல வாங்க, ஜன்னல்ல இருந்தே கோதுமையைப் பாக்கலாம்.”

கார்க் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலருகே குனிந்தார்.

“ஸ்ரெச்னோ! நல்லபடியா போயிட்டு வாங்க.”

சாவியைத் திருகப்போன யெர்னேயாவின் கை அப்படியே நின்றது.

“நிலக்கரிச் சுரங்கத்துல இருபது வருஷம் கிடந்தேன் மேடம். அங்க எல்லாரும் இப்படிச் சொல்லித்தான் வழியனுப்புவோம்,” என்று கண்ணைச் சிமிட்டினார் த்ராகோ. “இந்த ஊர்ல இப்படிச் சொல்றவன் நான் ஒருத்தன்தான்.”