எட்டின் மேல் வடாம்

கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டை வீசுகிறவர் மேல்வீட்டு எத்திராஜ். மனைவி வசுமதி அம்மா வீட்டுக்குப் போய்விட்ட பிறகு, மொட்டை மாடியில் சுண்ணாம்பால் பெரிய எட்டு போட்டு, தினமும் காலையில் மூச்சை எண்ணியபடி அதன்மேல் நடக்கிறார். சாப்பிடுவதும் வாழையிலையில்தானாம், வீசினாலும் சத்தம் வராது. நாற்பதாம் நாள் வசுமதி வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வாள் என்று பேச்சு.

எனக்கென்னவோ நம்பிக்கையில்லை. நாற்பதாம் நாளான இன்று, வடாம் பிழிந்த சேலையை எட்டின் கீழ்ச்சுழியிலேயே விரித்தேன். வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏங்க்கா, இவ்ளோ பெரிய மாடியில வேற எடமே கெடைக்கலையா?” குரல் உயரவில்லை, கழுத்து நரம்புதான் புடைத்தது.

“ஒரு நாள் நேரா நடந்தா கொறஞ்சா போயிடுவீங்க?” என்றேன்.

மூச்சை எண்ணியபடி நடக்க ஆரம்பித்தார். சேலை வரைக்கும் வருவார், நிற்பார், திரும்புவார். நாலாவது சுற்றில் மூச்சை எண்ணுவதை விட்டுவிட்டார். அப்போதுதான் வசுமதி பையோடு படியேறி வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நான் சொல்லியிருக்கலாம். சேலையையாவது இழுத்திருக்கலாம்.

வடாமுக்கு முன்னால் நின்று எத்திராஜ் வலது காலைத் தூக்கினார். வசுமதி இன்னும் பையைக் கீழே வைக்கவில்லை.