வீடு ஆர் குடுத்தது?

"ரெண்டு பேரும் ஆம்பிளைப் பொடியள். அப்ப அந்த வீடு ஆர் குடுத்தது?"

தொலைக்காட்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு மங்களேஸ்வரி கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகன் தர்சன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எந்த வீடு அம்மா?"

"இந்தத் தாய்லாந்து நாடகத்திலதான். கடைசிப் பாகத்தில ரெண்டு பேரும் சேர்ந்து குடிபோகினம். இவன் தேப்பன்ரை வீட்டை விட்டு வெறுங்கையோட வந்தவன். மற்றவன் கடையில கோப்பி ஊத்துறவன். வீடு என்ன வானத்தால விழுந்ததோ?"

"அங்க ஆர் அம்மா சீதன வீடு பாக்கினம்? விடுங்கோ."

அவர் விடுகிற ஆளில்லை. தமிழ்க் குரல் போட்டு வந்த அந்த நாடகம், ஆணும் ஆணும் காதலிக்கிற கதை. ரிமோட்டில் கைபட்டு வந்ததென்றுதான் முதலில் சொன்னார். பன்னிரண்டு பாகமும் கைபட்டு வராது என்று மகள் லோஜினி சிரித்தாள். இப்போது கடைசிப் பாகத்தை இரண்டாம் தரம் பார்க்கிறார், குறை பிடிப்பதற்கென்றே.

"ஒருத்தரும் வேலைக்குப் போறேல்லை. கோவிச்சால் உடன மழை வருது. காய்ச்சல்காரனுக்கு முகத்தை மட்டும் துடைச்சு விடுறான், அவன் விடிய எழும்பி ஓடித் திரியிறான்."

ஓய்வு பெறும்வரை ஆசுபத்திரியில் தாதியாக வேலை செய்தவருக்கு அந்தக் காய்ச்சலை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

தர்சனுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கலியாணத் தரகர் சின்னராசா வந்துவிடுவார். பாலையூற்றுப் பக்கம் பேசிய சம்பந்தத்துக்கு இன்று முடிவு சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் படித்தவள், தனி வீடும் இருக்கிறது. இந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் கட்டினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போய்விட வேண்டும். இந்தக் கீழ்வீட்டையும் லோஜினிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. முப்பது தாண்டிய தர்சன் இன்னும் முன்னறையில் விருந்தாளி மாதிரிப் படுத்தெழும்புகிறான்.

"சின்னராசா அண்ணைக்கு என்ன சொல்லுறது?" என்று மங்களேஸ்வரி கேட்டார்.

"நீங்கள் ஓமெண்டால் எனக்கும் ஓம்."

"கட்டப்போறது நானோ?"

"ஏலாது எண்டு சொல்லுறதுக்குக் காரணம் ஒண்டு வேணுமே அம்மா. நல்ல பிள்ளையாம்."

பல்லுப் பிடுங்கப் போகிறவன் முகத்தோடு அதைச் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தான். மகனின் முதுகைப் பார்த்துத் தாய் சொன்னார்.

"மேல்மாடி வீட்டுக்கு டைல்ஸ் வேலை முடிஞ்சுது. குசினிக்குப் பச்சை போட்டாச்சு."

"பச்சையோ?"

"நஸ்ரியைக் கேட்டனான். அவன்தான் பச்சை எண்டவன்."

நஸ்ரி தோப்பூர்க்காரன். துறைமுகத்தில் தர்சனோடு வேலை செய்கிறான், நகரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு இங்கேதான்.

"வாடகைக்கு விடுற வீட்டுக்கு அவனை ஏன் கரைச்சல் படுத்துறீங்கள்?"

வெளியால் படி, சமைக்கத் தனிக் குசினி, யன்னலைத் திறந்தால் துறைமுகம். வெள்ளைக்காரர் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள் என்று அயல் முழுக்கச் சொன்னது. மங்களேஸ்வரி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மறுபடி நாடகத்துக்கே வந்தார்.

"எல்லாத்திலயும் பெரிய பிழை அந்தத் தாய்தான். மூண்டாம் பாகத்தில மகனைப் பேசி வீட்டை விட்டுக் கலைக்கிறா. கடைசிப் பாகத்தில வந்து கட்டிப்பிடிக்கிறா. நடுவில அவவை ஒருக்காலும் காட்டேல்லை."

"அதில காட்ட என்ன இருக்கு?"

"என்ன இருக்கோ? எத்தினை நாள் நித்திரை இல்லாமல் கிடந்திருப்பா. ஆரிட்டச் சொல்லி அழுறது எண்டு தெரியாமல் கோயில் வாசலில நிண்டிருப்பா. பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டு, நடக்க வேண்டியதைப் பாத்திருப்பா. அதெல்லோ கதை. அதை விட்டுப்போட்டு மழையைக் காட்டிக்கொண்டு இருக்கிறாங்கள்."

ஒரு நாடகத்துக்கு அம்மா இப்படி உருகுவாரா என்று தர்சனுக்கு வியப்பாக இருந்தது.

இந்த ஊர்த் தெருக்களில் மாடுபோல் மான் திரியும். வாசலில் மணல் குவியலில் படுத்திருந்த ஒன்று எழும்பி நடந்தது. சின்னராசா சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன தங்கச்சி, ஓமெண்டு சொல்லட்டோ? அவை வீட்டுப் பூட்டையும் திறப்பையும் கையில வச்சுக்கொண்டு காத்திருக்கினம்."

தர்சன் வாயைத் திறந்தான். அவனுக்கு முந்திவிட்டார் மங்களேஸ்வரி.

"இல்லை அண்ணை, சரிவராது. குறை நினையாதேங்கோ. பிள்ளையில ஒரு குறையும் இல்லை. அவளுக்கு மனசோட வாற ஒருத்தன் கிடைக்கட்டும்."

சின்னராசாவுக்கு முகம் சுருங்கியது. "நல்ல இடம் வரேக்குள்ள தட்டிவிடுறீங்கள். பிறகு இவனுக்கு ஆர் வீடு குடுக்கிறது?"

"அதைத்தான் நானும் கனநாளா யோசிச்சனான்."

சைக்கிள் தெருமுனையில் திரும்பியது. தர்சனுக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது. ஆனாலும் கேட்டான்.

"ஏன் அம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

மங்களேஸ்வரி கைப்பையைத் திறந்து, மேல்வீட்டுப் பூட்டுக்கென்று வெட்டுவித்த இரண்டு புதுத் திறப்புகளை எடுத்து மகனின் கையில் வைத்தார்.

"ரெண்டு பக்கமும் பொடியள் எண்டால், ஆரோ ஒரு தாய்தானே வீடு குடுக்கவேணும். ஒண்டு உனக்கு. மற்றதை நஸ்ரியிட்டக் குடு."