சேலையில் விழுந்த வரி

நாட்டின் கலைகளுக்கான முப்பது ஆண்டுத் திட்டம் புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் நகர்கிறது. திரை மூடிய அறை, ஆறிப்போன தேநீர், முனகும் மின்விசிறி. இங்கே ஒரு வரி தப்பிப் பிழைத்தால் குழுத் தலைவர் "அடுத்தது" என்பார், அவ்வளவுதான். பிழைக்காவிட்டால் தட்டச்சுக்காரரின் விரல் ஒரே தட்டில் அழித்துவிடும். இப்போது 'ஊருக்கு ஒரு மேடை' என்ற வரிக்காக அந்த விரல் காத்திருக்கிறது. குழுவில் இருக்கும் ஒரே நாடக நடிகை எழுந்துபோய் வெளிச்சத்தின் குறுக்கே நிற்கிறாள். எழுத்துகள் அவள் சேலை மடிப்பில் நெளிகின்றன. "அக்கா, கொஞ்சம் நகருங்க, வரி தெரியல," என்கிறார் தட்டச்சுக்காரர். "இவ்வளவு நேரம் பார்த்தது போதும்ப்பா. இப்ப கேளுங்க." கடைசி வரிசைக்கும் எட்டுகிற தன் நாடகக் குரலில் அந்த வரியைச் சொல்கிறாள். வெளியே நடந்துபோன ஓட்டுநர் ஒருவர் நின்று எட்டிப் பார்க்கிறார். தலைவருக்குச் சிரிப்பு. "முப்பது வருஷம் கழிச்சு அந்த மேடைல யாரும்மா ஏறுவா, நீங்களா?" "நான் எதுக்கு சார்? இன்னும் பொறக்காத ஒருத்தி ஏறுவா. அவ நின்னு பேச ஒரு இடம் வேணாமா?" தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மறுபடி மாட்டிக்கொள்கிறார். "அடுத்தது." விரல் விலகுகிறது. புது வரி மேலேறி வந்து அவள் தோளில் விழுகிறது. முதல் நாள் மேடையேறியவளைப் போல அவள் நிமிர்ந்து, இன்னும் நகராமல் நிற்கிறாள்.