பட்டுக் கயிறு கேட்ட கேள்வி

கசார் நாட்டில் ஒருவனைப் பேரரசனாக்கும் முன் பட்டுக் கயிற்றால் கழுத்தை இறுக்கி, மூச்சு முட்டும் நேரத்தில், எத்தனை ஆண்டு ஆள்வாய் என்று கேட்போம். வாயில் வருவதுதான் அவன் தவணை. அது முடிந்த அன்று கொன்றுவிடுவோம். எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டதில்லை. பேரரசனாயிருந்த என் அண்ணன், தவணை முடிந்த அன்று தானாகவே வந்து கழுத்தைக் கொடுத்தான்.

அவன் மகன் எல்தெகினுக்குக் கயிறு பிடித்தவன் நான். முகம் நீலம் பாரித்தபோதும் அவன் தெளிவாகச் சொன்னான்: "நீங்கள் உயிரோடு இருக்கும்வரை, சித்தப்பா." சபை அதைப் பாசம் என்று மெச்சியது. மடையர்கள்.

இப்போது நான் படுக்கையில் கிடக்கிறேன். எங்கள் ஆற்றின் இரு கரையிலும் தெய்வமென்று விழுந்து வணங்கப்படுகிறவன், என் கட்டிலருகே உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சாற்றை ஊதி ஊதி ஆற்றுகிறான்.

"ஒரு வாய், சித்தப்பா."

"உன் அப்பன் யாரிடமும் கெஞ்சவில்லை."

"அப்பாவுக்குச் சாமர்த்தியம் போதாது. குடியுங்கள்."

சாறு என் தாடியில் சிந்தியது. அரச அங்கியின் நுனியாலேயே துடைத்தான். பிறகு, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல, தன் வாயை அகலத் திறந்து காட்டினான்.

நான் பல்லை இறுகக் கடித்துக்கொண்டேன்.