தேடிப் போனவர்கள்

மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், துறைமுகத்தை ஒட்டிய பழைய பப்பில் கணப்பு நன்றாக எரிகிறது. அலை எகிறும்போதெல்லாம் ஜன்னலில் உப்புநீர் தெறிக்கிறது. மீட்புப் படகில் போய்த் திரும்பியவர்கள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய ஈரக் கோட்டுகளிலிருந்து ஆவி எழும்புகிறது. கடைக்காரர் பெட்ரோக் ஊற்றி வைத்த பியரில் நுரை அடங்கிவிட்டது, யாரும் தொடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு லோவெனா வருகிறாள். விடியலில் நண்டுக் கூடைகளை எடுக்கக் கடலுக்குப் போய் இன்னும் திரும்பாத ஜோரியின் மனைவி. எல்லாத் தலைகளும் குனிகின்றன. மீட்புப் படகை ஓட்டிப் போன டென்சில், ஜோரியின் அண்ணன், அவன் மட்டும் அவளைப் பார்க்கிறான். “அவன் படகு கெடைச்சுது. கவுந்து கெடந்துச்சு.” “நான் படகையா கேட்டேன்?” “தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்மா. இவ்வளவு நேரம் யாராலயும்...” “அவன் உன் தம்பி. நீ இங்க குளிர் காய்ஞ்சிக்கிட்டிருக்க.” கணப்பில் கரி சரிகிறது. டென்சில் எழுந்து கோட்டை மாட்டுகிறான். விறைத்த விரல்கள் மடங்க மறுக்கின்றன. லோவெனாவே பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள். “வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் தேட முடியும்,” என்கிறான். அவள் தலையாட்டுகிறாள். ஜோரி உயிரோடு வரமாட்டான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும். மற்றவர்களின் நாற்காலிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்கின்றன.