சுஜா இல்லாத கிளிப்

"உங்க கைக்கு என்னண்ணே ஆச்சு? அப்பா காபி குடிக்கிற இடத்தைப் பாருங்க. டம்ளர் எப்படி ஆடுது?"

ரெங்கராஜுக்கு முகம் சுண்டிப் போயிற்று. பாலக்கரையில் இருபது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறார். போட்டோவில் அவர் கை ஆடியதாக ஒருத்தரும் சொன்னதில்லை. வீடியோ மட்டும் இப்போதுதான் யூடியூப் பார்த்துப் பழகுகிறார். எல்லோரும் ரீல் கேட்கிறார்கள், வேறு வழி?

முதல் ஆர்டர், ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் சேதுராமனின் அறுபதாம் கல்யாணம். ரயில்வேயில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதிரே உட்கார்ந்து கடிந்துகொள்வது அவர் மகள் சித்ராதேவி. ராத்திரி அவள் பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டும்.

"சரி, குரூப்பாவது நல்லா வந்திருக்கும்னு பார்த்தா, எல்லாரும் பொம்மை மாதிரி நிக்கிறோம்."

உண்மைதான். போட்டோ எடுத்த பழக்கத்தில் வீடியோவுக்கும் "அசையாதீங்க" என்று சொல்லித் தொலைத்தார். வாத்தியார்கூட மந்திரத்தைப் பாதியில் விட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

"இதோ பாருங்க, எல்லாத்துலயும் இவ."

இவள் என்றால் சுஜா, சித்ராதேவியின் தம்பி பொண்டாட்டி.

"எங்க பார்த்தாலும் நடுவுல வந்து அப்பா கையைப் பிடிச்சுக்கறா. தாலி கட்டுறப்பகூட விடலை. யாருக்கு யார் தாலி கட்டுறாங்கன்னே தெரியலை."

ரெங்கராஜுக்கும் சுஜா மேல் கடுப்புதான். மண்டபத்திலேயே "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்று எத்தனையோ தடவை சொன்னார். தள்ளி நிற்பாள். மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்வாள்.

"இவளை வெட்டிட்டு, இவ இல்லாத கிளிப்பாப் போட்டு சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க. வெட்டத் தெரியும்ல?"

"அது நல்லாத் தெரியும்மா."

"இது நல்லா வந்தாத்தான் மன்னார்புரத்துல சித்தி வீட்டு வளைகாப்பையும் உங்களுக்குச் சொல்வேன்."

அவள் போனதும் ரெங்கராஜ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சுஜா இல்லாத கிளிப்பாகப் பொறுக்கினார். காபி குடிக்கிற கிளிப் ஆடியது. வெற்றிலை வாங்குகிற கிளிப் ஆடியது. தன் கையையே ஒரு தடவை நீட்டிப் பார்த்துக்கொண்டார். ஆடவில்லை.

டம்ளர் கிளிப்பை மறுபடி ஓட்டினார்.

பின்னால் வாழைமரம் அசையாமல் நின்றது. தூண் நின்றது. கேமரா ஆடினால் அதுவும்தானே ஆட வேண்டும்? டம்ளர் மட்டும் ஆடியது. பிடித்திருந்த கை ஆடியது.

அடுத்த கிளிப்பில் சுஜா வந்தாள். மாமனாரிடம் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே அவர் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். ஆட்டம் நின்றது.

தாலி கட்டுகிற கிளிப்பிலும் அப்படித்தான். அவள் கை அடியில் இருந்தது. மஞ்சள் கயிறு நடுங்காமல் போய்க் கழுத்தில் விழுந்தது.

ரெங்கராஜ் சுஜாவுக்குப் போன் போட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களாண்ணே?" சுஜா சிரித்தாள். "போட்டோன்னா மாமா கை ஆடுறது தெரியாது. வீடியோன்னு நீங்க வந்து நின்னதும் ஓடி வந்து அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களாம்மா?"

"மாத்திரை சாப்பிடுறாங்க. நல்லாத்தான் இருக்காங்க. அண்ணி இப்பதான் புது வேலைல சேர்ந்திருக்காங்க. தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு இங்க வந்து உக்காந்துக்குவாங்கன்னு மாமா பயப்படுறாங்க. கொஞ்ச நாள் கழிச்சு மாமாவே சொல்றேன்னிருக்காங்க. அது வரைக்கும் ஆட்டத்தை உங்க கைன்னே சொல்லிடுங்கண்ணே. தப்பா நெனைக்காதீங்க."

"அது கிடக்கட்டும். உங்களை வெட்டச் சொல்லியிருக்காங்க."

"வெட்டிடுங்க. அண்ணி ஆசைப்பட்டுக் கேட்டிருக்காங்க."

"தாலி கட்டுறதை எப்படிம்மா வெட்டுறது?"

"அந்த இடத்துல மேளக்காரரைக் காட்டுங்க. அவரும் யாராவது நம்மளை எடுப்பாங்களான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தாரு."

சாயங்காலம் ரீல் போய்ச் சேர்ந்தது. உடனே சித்ராதேவி கூப்பிட்டாள்.

"ஆட்டமெல்லாம் போயிடுச்சுண்ணே. அம்மா முகம் அழகா வந்திருக்கு. ஆனா தாலி கட்டுற இடத்துல அவ அப்படியே இருக்காளே? வெட்டச் சொன்னேனே?"

"வெட்டிப் பார்த்தேன், வரலைம்மா."

"தெரியும்னீங்க?"

"தெரியும்னு நெனச்சேன். இப்பதானேம்மா பழகுறேன். பாதிக்கு மேல என் கையே ஆடி வீணாப் போச்சு. மிச்சம் இருந்ததைப் போட்டேன்."

"நல்லா பழகுனீங்க போங்க. வளைகாப்புக்கு வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

"சரிங்கம்மா. பத்திரமா ஊருக்குப் போயிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு ரெங்கராஜ் டம்ளர் கிளிப்பை எடுத்தார், வெற்றிலைக் கிளிப்பை எடுத்தார், ஆடிய கை இருந்த அத்தனையையும் ஒன்று விடாமல் அழித்தார். அப்படியே வாத்தியார் வாய் திறந்து நின்ற இடத்தையும் நறுக்கென்று வெட்டி எறிந்தார். வெட்டுவது நன்றாகவே வந்தது.

ரெண்டு பேர் வெட்டச் சொன்ன சுஜாவின் கை மட்டும், தாலிக்கயிற்றுக்கு அடியில் அப்படியே இருந்தது.